பால்வாடி எட்டாத ஊர்களில் நம் பிள்ளைகள்



போன மாதக் கூட்டத்தில் கடன் பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு, மலை ஊரிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றார். "எங்க ஊருக்குப் பால்வாடி கீழ் ஊர்லதான் இருக்கு. மூணு வயசுப் புள்ளை ஓடையைத் தாண்டி எப்படி நடக்கும்? நான் கூலிக்குப் போகணும். அதனால பெரிய பொண்ணை பள்ளிக்கூடம் அனுப்பாம சின்னதைப் பாத்துக்க வீட்ல விட்டிருக்கேன். இதுக்குக் குழுவுல ஏதாச்சும் செய்வீங்களா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்படி ஒரு பெரிய பொண்ணு நம்மில் பல பேர் வீட்டில் இருந்திருக்கிறாள். நம்மில் சிலரே அந்தப் பெரிய பொண்ணாக இருந்து, மூன்றாவதோடு படிப்பை விட்டவர்கள்தான். அதனால் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நம் நாட்டில் தொடங்கியது. பால்வாடி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சத்துமாவு, முட்டை, தடுப்பூசி, எடை போடுவது. இதோடு சேர்ந்த இன்னொரு சேவை, 3 வயது முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. இதை நாம் கேட்டு வாங்குவதே இல்லை. சாப்பாடு போட்டார்களா என்று கேட்கிறோம், இன்னைக்கு என்ன விளையாடினாய் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயதுக்குக் கட்டாயக் கல்வி என்று சொல்லிவிட்டு, 3 வயதைத் தாண்டிய பிள்ளைகளை ஆரம்பப் பள்ளிக்குத் தயார் செய்ய அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 11-வது பிரிவில் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. அதனால் நாம் கேட்டால்தான் நடக்கும்.

"அங்க ஏ, பி, சி, டி சொல்லித் தரல, சும்மா ஆட விடுறாங்க" என்று சில தாய்மார்கள் குறை சொல்கிறார்கள். அந்த ஆட்டம்தான் அந்த வயசுக்குப் படிப்பு. ராகியையும் அவரை விதையையும் கலந்து கொட்டி, பிரித்து வை என்று சொன்னால் பிள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது. பெரிசு எது, சின்னது எது என்று கண்ணு பழகுகிறது. பின்னால் பென்சில் பிடிக்கப் போகிற விரலும் பழகுகிறது. கதை கேட்டு, அடுத்து என்ன ஆச்சு என்று சொல்லும்போது பேச்சு வளர்கிறது. தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதும் ஒரு பாடம்தான். மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து நோட்டில் எழுத வைத்தால், படிப்பு என்றாலே பயம்தான் வரும்.

மலை ஊர்களில் இன்னொரு சங்கடம், பேச்சு. ஈரோடு மாவட்டத்தில் தாளவாடி, பர்கூர் மலைப் பக்கம் பல வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள், சோளகர் மக்களுக்குத் தனிப் பேச்சு உண்டு. கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் 'உட்காரு' என்றால் முழிக்கும், 'கூத்கோ' என்றால் உட்காரும். இது தெரியாத டீச்சர் 'புள்ளை மந்தம்' என்று நினைத்துவிடுவார். பிள்ளை மந்தம் இல்லை, சொன்னது புரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுப் பேச்சில் பாட்டும் கதையும் தொடங்கி, மெதுவாகத் தமிழுக்குக் கொண்டுவந்தால் முதல் வகுப்பில் தடுமாறாது. உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

சரி, பால்வாடியே இல்லாத ஊருக்கு என்ன வழி? 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஒரு குடியிருப்பில் 6 வயதுக்குள் 40 பிள்ளைகள் இருந்து, அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும். மக்கள் தொகைக் கணக்கும் உண்டு. சமவெளியில் 400 பேருக்கு ஒரு மையம் என்றால், மலை, பழங்குடி ஊர்களில் 300 பேர் போதும். அதிலும் குறைந்த ஊருக்கு 150 பேர் இருந்தால் மினி மையம் என்று வைத்தார்கள். அங்கே உதவியாளர் கிடையாது. ஒரே ஆள் சமைத்து, எடை போட்டு, பதிவேடு எழுதி, பாட்டும் சொல்லித் தர வேண்டும். பாட்டுக்கு எங்கே நேரம்? மினி மையங்களை முழு மையமாக்க 2023-ல் மத்திய அரசு வழி செய்தது.

ஆனா 25 வீடு மட்டும் இருக்கிற ஊர் இந்த எந்தக் கணக்கிலும் வராது. கணக்குப் போட்டவர்கள் தலையை எண்ணினார்கள், நடுவில் ஓடும் ஓடையையும் சாயங்காலம் இறங்கும் யானையையும் எண்ணவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். அப்படிப்பட்ட ஊர்கள் பக்கத்து ஊரோடு சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் மையம் கேட்கலாம். மனுவில் தூரம் மட்டும் போதாது. வழியில் என்ன இருக்கிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் போக முடியாது என்பதையும் எழுத வேண்டும்.

முதல் வேலை எண்ணுவது. வீடு வீடாகப் போய் பெயர், பிறந்த தேதி, தாய் பெயர் எழுதுங்கள். 3 வயதுக்குக் கீழே தனியாக, மேலே தனியாக. கர்ப்பிணிகளையும் சேருங்கள். குழுவில் தீர்மானம் போட்டு, கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மான நகலோடு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனு கொடுங்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதெல்லாம் முடியும் வரை அந்தப் பெரிய பொண்ணு காத்திருக்க முடியாது. அந்த உறுப்பினரின் குழுவில் இப்போது முறை வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு அம்மா கூலிக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், ஊர்ப் பாட்டி ஒருத்தர் கதை சொல்கிறார். இது பால்வாடிக்குப் பதில் இல்லை. முட்டையும் தடுப்பூசியும் இதில் வராது. ஒரு நாள் கூலியும் போகிறது. 'நீங்களே பாத்துக்கிறீங்களே' என்று அதிகாரிகள் கையைக் கழுவவும் விடக்கூடாது. ஆனாலும் அந்தப் பொண்ணு திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பிரதிநிதியும் உங்கள் ஊர்க் கணக்கைத் தீர்மான நோட்டோடு கொண்டுவாருங்கள். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள எத்தனை பெரிய பொண்ணுங்க வீட்டில் நிற்கிறார்கள் என்பதைத் தனித் தாளில் எழுதி வாருங்கள்.