மலைப்படியும் மாத்திரையும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் சுமார் 3,550 படிகளில், முழங்காலின் பெயரையே தாங்கிய மோகாலி மெட்டைக் கடக்கும்போது, தொடைத் தசையின் மைட்டோகாண்ட்ரியாக்கள், அதாவது செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேகத்தில் ‘கட்டற்ற மூலக்கூறுகள்’ எனப்படும் வினைத்திறன் மிக்க பொருள்களையும் வெளிவிடுகின்றன. அளவோடு இருக்கும்வரை இவை தசைக்குக் கேடு செய்வதில்லை. வேலை கூடிவிட்டது, வலுப்பட வேண்டும் என்று அறிவிக்கும் ஓலையாகவே பயன்படுகின்றன.

‘கேக்கெக்சியா’ எனப்படும் புற்றுநோய்த் தசைநலிவில் இந்த அளவு தப்பிவிடுகிறது. கட்டியும் நோயெதிர்ப்புச் செல்களும் சுரக்கும் அழற்சிப் புரதங்கள் தசைப் புரதத்தைச் சிதைக்கும் வினைகளை முடுக்குவதால், வளையல் கழல்கிறது, நெற்றிப்பொட்டு குழிகிறது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது அரிதாகிறது. 6 மாதங்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைவதை இதன் அடையாளங்களுள் ஒன்றாக 2011ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை கொள்கிறது. வெறும் பட்டினி மெலிவைப் போல உணவைக் கூட்டி மட்டும் இதை முழுவதும் மீட்க இயலாது.

கட்டற்ற மூலக்கூறுகளைத் தணிக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை, அதாவது வைட்டமின் சி, ஈ போன்றவற்றை, மிகுதியாகக் கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் மாத்திரைக்குக் கேட்டையும் ஓலையையும் பிரித்தறியத் தெரியாது. 2009இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் உட்கொண்டு 4 வாரம் பயிற்சி செய்த இளைஞர்களின் தசையில், மாத்திரையின்றிப் பயின்றவர்களிடம் பெருகிய தற்காப்பு நொதிகள் பெருகவில்லை. கட்டி வளர்த்த எலிகளிலோ, 2016இல் வெளியான ஆய்வின்படி, இத்தகைய தடுப்பிக் கலவை கட்டியின் வளர்ச்சியைத் தூண்டி நலிவையே விரைவுபடுத்தியது.

உடற்பயிற்சி தசையைக் கொண்டே அந்த நொதிகளைச் செய்விக்கிறது. எனினும் முற்றிய நலிவில் அதன் பயனுக்கு மனிதரிடம் கிடைத்துள்ள சான்று இன்னும் மெலிதே. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம்வரை புரதம் கொடுக்குமாறு கூறும் 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல், குறைபாடு இல்லாதபோது மிகையளவு வைட்டமின்களைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆகவே, திருமலை திருப்பதி தேவஸ்தானம், டாட்டா அறக்கட்டளைகள் ஆகியவற்றின் முயற்சியால் 2022 மே மாதம் திருப்பதியில் திறக்கப்பட்டது போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளுக்குச் செல்வோர், தாமாக வாங்கி விழுங்கும் சத்து மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுவது நலம். மலைப்படி ஏற இயலாத நோயாளிக்கு, மருத்துவர் இசைவுடன் நாற்காலியிலிருந்து சில முறை எழுந்து அமர்வதே தொடைத் தசைக்கு அந்த ஓலையைக் கொண்டு சேர்க்கும் வழி.