கை செய்யும் கைகள்

அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே ஒரு கைத்துப்பாக்கியைச் செய்வார்கள். ஒருவர் அடிச்சட்டத்தைத் தன் செலவில் வாங்கித் தருவார். குழல் பொருத்துவதில் தேர்ந்தவர் தன் வேலையை முடித்து அடுத்தவரிடம் சேர்ப்பிப்பார். இன்னொருவர் பிடியின் முன்பக்கத்தில் கை வழுக்காமலிருக்க அரத்தால் நுண்ணிய கட்டங்கள் இழைப்பார். வால்நட் மரத்தில் கைப்பிடி செதுக்க ஒருவர், தோல் உறை தைக்க ஒருவர், கடைசியில் நீலச்சாயல் ஏற்றி மெருகிட ஒருவர். யாரும் கூலி வாங்குவதில்லை. முடிந்த துப்பாக்கி குலுக்கலுக்கோ ஏலத்துக்கோ போகும். வரும் பணம் நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்கோ, போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கோ கொடுக்கப்படும்.

இப்படிக் கூடிச் செய்பவர்கள் விரும்பி எடுப்பது '1911' என்ற வகையை. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்று, 1985 வரை தன் கைத்துப்பாக்கியாக வைத்திருந்தது. பழைய வடிவம் என்பதால் பாகங்களைப் பல கம்பெனிகள் செய்கின்றன. ஆனால் நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் வாங்கி வந்து அப்படியே மாட்டிவிட முடியாது. மேலே ஓடும் பாகமும் கீழ்ச் சட்டமும் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. அந்தப் பொருத்தத்தைக் கையால்தான் கொண்டுவர வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு படித்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தச் சொல்வார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. அதே வேலைதான் இதுவும்.

அந்த வேலை தெரிந்த கைகள் சென்னைக்கு மேற்கே போகும் ரயில் பாதை நெடுக இருக்கின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பட்டு, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. திருவள்ளூர்ப் பக்கம் மண் அள்ளும் இயந்திரங்களும் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் கார்களும் உருவாயின. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள். ஆவடியைத் தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்து திருநின்றவூர். ஷிப்டு முடிந்து இறங்கும் கூட்டத்தில் டர்னர், ஃபிட்டர், வெல்டர், டை மேக்கர் என எல்லாரும் உண்டு. மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய விரல்கள். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டு வாசலில் ஒரு வைஸும் பத்து அரமும் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் அபூர்வமில்லை.

ஆனால் இங்கே துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் பழுது பார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. 2019இல் வந்த திருத்தம் சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள் தண்டனை என்று ஆக்கியது. உரிமம் உள்ளவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததையும் இரண்டாகக் குறைத்தது. இந்தக் கண்டிப்பு சரி என்பதே என் எண்ணம். பிகாரின் முங்கேரில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த அருமையான கைவினைஞர்கள் இருந்தார்கள். உரிமம் பெற்ற பட்டறைகளை ஒட்டியே அங்கே கள்ளத் துப்பாக்கித் தொழிலும் வளர்ந்து, எத்தனையோ உயிர்களைக் குடித்தது. திறமை மட்டும் ஒரு பொருளை நல்லதாக்கிவிடுவதில்லை.

சீட்டுக் குலுக்கலுக்கும் இங்கே வழி கிடையாது. 1968இல் தமிழக அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற அன்றைய முழக்கத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அது பழங்கதையாகி, 2003 ஜனவரியில் மாநிலம் லாட்டரி முழுவதையும் தடை செய்தது. சீட்டுக்குக் கூலிப் பணத்தைக் கொட்டிக் கெட்ட குடும்பங்களை அறிந்தவர்கள் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

துப்பாக்கியும் போயிற்று, குலுக்கலும் போயிற்று என்றால் அந்த வழக்கத்தில் மிஞ்சுவது கூலி வாங்காமல் கூடிச் செய்யும் வேலை. அதன் உயிரும் அதுதான். கொஞ்சம் யோசித்தால், நம் ஊரில் அதை இன்னும் நேராகவே செய்யலாம் என்று தோன்றுகிறது. அங்கே அத்தனை பேர் இழைத்த பொருள் எந்தக் குழந்தைக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் குழந்தையின் கைக்குப் போவதே இல்லை. பணமாக மாறித்தான் போகிறது. இங்கே செய்த பொருளே தேவைப்பட்டவர் கையில் போய்ச் சேரும்படி செய்ய முடியும்.

துப்பாக்கியை விட்டு முழுதாக விலகாமலே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் சுடுபவர்கள் தங்கள் கைப்பிடியைத் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப இழைத்துக்கொள்வது உலக வழக்கம். மரப்பிடியை ஓரிடத்தில் ராவி, இன்னோரிடத்தில் மரப் பசையால் நிரப்பி, மறுபடி ராவி, கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும்வரை விடமாட்டார்கள். உடல் வேறுபட்டவர்களுக்கு அந்தப் பொருத்தம் இன்னும் முக்கியம். 2021 செப்டம்பர் 4 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் பிஸ்டல் பிரிவில் மணீஷ் நர்வால் தங்கமும் சிங்ராஜ் அதானா வெள்ளியும் வாங்கினார்கள். நர்வாலுக்குப் பிறவியிலேயே வலது கையில் குறைபாடு. இடது கையால் சுடுகிறார். அதானாவுக்குப் போலியோ பாதித்த கால்கள். ஓர் உடலுக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் என்ன செய்யும் என்பதை அந்த அரங்கத்தில் பார்க்கலாம்.

அங்கிருந்து செயற்கைக் கைக்கு வெகுதூரம் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ரிச்சர்டு வான் ஆஸ் என்றொரு தச்சர். 2011இல் ரம்ப இயந்திரத்தில் வலது கை விரல்களை இழந்தார். கடையில் கிடைத்த செயற்கை விரல்களின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அப்போது, வேட உடைக்கான பெரிய இயந்திரக் கை ஒன்றை அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் விளையாட்டாகச் செய்திருப்பதைப் பார்த்து அவரைத் தொடர்பு கொண்டார். கடல் கடந்து இருவரும் மாதக்கணக்கில் மாதிரி மாற்றி மாதிரி செய்தார்கள். பழைய முன்னோடி ஒன்றும் அவர்களுக்குக் கைகொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு பல் மருத்துவர், திமிங்கில எலும்பும் கயிறும் கப்பியும் வைத்து ஒரு படைவீரருக்குச் செய்து கொடுத்த கை அது. தச்சருக்காகத் தொடங்கிய வேலை, பிறவியிலேயே வலது கையில் விரல்கள் இல்லாத லியாம் என்ற ஐந்து வயதுப் பையனிடம் போய்ச் சேர்ந்தது. 2013இல் அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று இலவசமாகவே விட்டுவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் ஷல், முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களையும் கை தேவைப்படும் குழந்தைகளையும் இணைத்தார். 'இநேபிள்' என்ற பெயரில் அது உலகம் முழுவதும் பரவியது.

அந்தக் கையின் இயக்கம் எளிது. மணிக்கட்டை மடக்கினால் கயிறுகள் இழுபட்டு விரல்கள் மூடும், நிமிர்த்தினால் விரியும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் மணிக்கட்டும் உள்ளங்கையில் ஒரு பகுதியும் இருப்பவர்களுக்குத்தான் இது உதவும். மணிக்கட்டு இல்லாதவர்களுக்கு முழங்கையால் இயங்கும் வேறு வடிவம் உண்டு. முழங்கைக்குக் கீழே இழந்தவர்களுக்காகக் கலிபோர்னியாவின் வடிவமைப்பாளர் எர்னி மெடோஸ் செய்த எல்.என்.4 என்ற கையும் இருக்கிறது. விபத்தில் இறந்த அவருடைய மகள் எல்லன் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ரோட்டரி சங்கங்கள் முகாம் போட்டு இந்தியா எங்கும், தமிழ்நாட்டிலும், அதை மாட்டிவிட்டிருக்கின்றன. ஓர் அலுவலகத்து ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கையைப் பாகம் பாகமாகக் கோத்துக் கொடுக்கும் பயிற்சி வகுப்புகள்கூட அமெரிக்காவில் நடக்கின்றன. துப்பாக்கிப் பிரியர்கள் கூடிச் செய்வதற்கு அதுதான் மிக நெருங்கிய உறவு என்பேன்.

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இங்கேதான் விரல்கள் போகின்றன. வாகன உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் ஒரு கண்ணிமைப்பில் தகட்டை வெட்டும். கை உள்ளே இருந்தால் அதையும் வெட்டும். ஹரியானாவின் மானேசர் பகுதியில் 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு இப்படி அடிபட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு உதவியிருக்கிறது. 2019 முதல் 'கிரஷ்டு' என்ற தலைப்பில் அது அறிக்கை வெளியிட்டு வருகிறது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் விரல்களை இழந்தவர்கள், அதிலும் பிரஸ்ஸில் இழந்தவர்களே மிகுதி என்பதுதான் அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அதே வகை இயந்திரங்கள்தான் இங்கும் ஓடுகின்றன. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகை கிடைக்கும். அட்டையே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்பதையே அறியாமல் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். விரல் போன டர்னர் மறுநாள் செக்யூரிட்டி வேலைக்கு விசாரிப்பதைக் காண நெஞ்சு பொறுக்காது.

வசதி இல்லாமல் நம் ஆட்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு 2020ஐ நினைவூட்ட வேண்டும். ஊரடங்கு வந்தபோது மும்பையின் 'மேக்கர்ஸ் அசைலம்' என்ற பொதுப் பட்டறையில் வைபவ் சாப்ராவும் நண்பர்களும் மருத்துவர்களுக்கான முகக் கவசத்தை (ஃபேஸ் ஷீல்டு) வடிவமைத்தார்கள். வடிவத்தைத் திறந்துவிட்டதும் நாடெங்கும் இருந்த பட்டறைக்காரர்கள் அவரவர் ஊரில் செய்தார்கள். 49 நாளில் 42 ஊர்களிலிருந்து பத்து லட்சம் கவசங்கள்.

வசதி இல்லாமலே செய்து முடித்தவர் பழங்கதையிலும் உண்டு. திருநின்றவூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பூசலாரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்து, ஒன்றும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டியவர். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளைக் காஞ்சியில் பல்லவ மன்னனும் குறித்திருக்க, நாளைத் தள்ளி வைக்கும்படி மன்னனின் கனவில் இறைவன் சொன்னதாகப் பெரியபுராணம் கூறும். இருதயாலீசுவரர் கோயில் அந்த நினைவாக நிற்கிறது. பக்தி ஒரு பக்கம் இருக்க, எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அவருடைய வேலை ஒழுங்கு. யாரும் பார்க்காத கோயில்தானே என்று அவர் எதையும் தாண்டிப் போகவில்லை. நாள் பார்த்துக் கால்கோள் செய்து, அடுக்கடுக்காக எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளமும் தொட்டார்.

செயற்கைக் கைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். ஆர்வத்தில் ஒரு கையை அச்சிட்டு, மாட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவது இந்தத் துறையில் நடக்கிறது. ஒரு மாதத்தில் கயிறு தளரும், தோல் உரசிப் புண்ணாகும், அந்தக் கை பரண் மேல் ஏறிவிடும். எஞ்சிய கையை அளவெடுக்க மருத்துவ அறிவு வேண்டும். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, செயற்கை உறுப்பு செய்யும் தொழிலறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. அதன் பிறகு வரும் திருத்த வேலைதான் நம் ஃபிட்டர்களின் களம். இந்த மூட்டில் பின் தேய்கிறது, அந்த விரல் அரை அங்குலம் நீளம், டம்ளர் நிற்கிறது ஆனால் ஸ்பேனர் நழுவுகிறது என்று வாரம் ஒரு குறை வரும். குறையைக் கேட்டு மறுபடி ராவித் தருபவர் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவில் வரும் கையால் ஈடுகட்ட முடியாதது இந்த அண்டை வீட்டுச் சேவை.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு, போகவிருக்கும் விரலைக் காப்பது. இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நடைமுறையில் தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி மூலையில் வைத்துவிடுகிறார்கள். பழைய பிரஸ்ஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காலால் மிதித்ததும் கிளட்ச் விழுந்துவிட்டால் ஒரு சுற்று முடியாமல் அது நிற்காது. இரண்டு கைகளாலும் அழுத்தும் பொத்தானோ சென்சார் திரையோ பாதி வழியில் அதை நிறுத்த முடியாது. அதற்கு ஏற்றது கதவுத் தடுப்பு. கதவு முழுதாக மூடினால்தான் கிளட்ச் விழும், கைவிரல் நடுவில் இருந்தால் கதவு மூடாது. ஒவ்வொரு டைக்கும் ஒவ்வொரு அளவில் அதைச் செய்ய வேண்டியிருப்பதால் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது பொருந்துவதில்லை. சிறு முதலாளிகள் விட்டுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளவெடுத்து, வெட்டி, வெல்டு வைத்து, ராவி, வேலை வேகம் குறையாதபடி பொருத்திக் கொடுக்க வேண்டிய ஒற்றைப் பொருள் அது. நாற்பது வருடம் டை செய்த ஒருவரும் ஒரு வெல்டரும் ஓர் எலக்ட்ரீஷியனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினால் ஒரு பிரஸ்ஸை முடிக்கலாம். பொருத்திய பிறகு தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளரை அழைத்துக் காட்டிவிட வேண்டும். பிறகு அடுத்த பட்டறையில் அடுத்த டைக்கு அளவெடுக்கத் தொடங்கலாம்.