வாத்து ஏன் விழவில்லை?

முசிறியில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய 'டிவி கேம்' இறங்கியது. நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது. படத்துக்கு மஞ்சள் கம்பி, ஒலிக்கு வெள்ளைக் கம்பி, புதிய எல்.இ.டி. டிவியில் செருகியதும் படம் வந்துவிட்டது. ஆனால் எத்தனை முறை சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. "துப்பாக்கி கெட்டுப்போச்சு மாமா, தூக்கிப் போட்டுடலாம்" என்றான் என் தங்கை மகன்.

கெடவில்லை, மாணவ நண்பர்களே! அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஓர் ஒளி உணரி இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். உடனே வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். அந்த ஒளி, கருவி எதிர்பார்க்கும் அதே நேரத்தில் உணரியில் பட்டால்தான் வாத்து விழும்.

பழைய படக்குழாய் டிவியில் எலெக்ட்ரான் கற்றை வினாடிக்கு 25 படங்கள், படத்துக்கு 625 கோடுகள், ஆக 15,625 கோடுகளை வரைகிறது. சைகை வர வரவே திரையின் பாஸ்பர் பூச்சு ஒளிரும். புதிய டிவியோ படத்தை முதலில் நினைவகத்தில் வாங்கி, தன் திரைக்கேற்பப் பெரிதாக்கி, பிறகுதான் காட்டும். கண்ணுக்குத் தெரியாத தாமதம்தான். ஆனால் உணரி விழித்துக் காத்திருக்கும் நேரம் அதற்குள் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நிண்டெண்டோவின் துப்பாக்கியில் அந்தக் கோட்டுத் துடிப்புக்கு மட்டும் இசையும் சுற்று ஒன்றும் உண்டு. (விளக்கைக் குறிபார்த்து ஏமாற்ற நினைப்பவர்களுக்காக!) எல்.இ.டி. திரையில் அத்துடிப்பே கிடையாது.

ரிப்பேர் கடை ஒன்றில் தூசி படிந்து கிடந்த படக்குழாய் டிவியில் இணைத்துப் பார்த்தோம். பையன் முதல் குண்டிலேயே வாத்தை வீழ்த்தினான்.