உங்களுக்குத் தெரியுமா? கிள்ளான் காய்ச்சல், கோலாலம்பூர் அரிசி, வௌவால் கடித்த பழம்

★ 1901-இல் கிள்ளானிலும் இன்றைய போர்ட் கிள்ளானிலும் காய்ச்சலுக்கு மட்டும் 368 பேர் பலியானார்கள். மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் கொசு பெருகும் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை 59. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து 1901-இல் நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

★ பிரிக்பீல்ட்ஸ் கடையில் இலை போட்டதும் “வெள்ளைச் சோறா, புழுங்கலா?” என்று கேட்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அது உயிர்ப் பிரச்சினை. வெள்ளைச் சோறு உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கால் வீங்கி, நெஞ்சடைத்துச் செத்தார்கள். புழுங்கல் சோறு உண்ட தமிழர்களை அந்நோய் அண்டவில்லை. நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் இதைக் கவனித்துச் சொன்னார், பலர் நம்பவில்லை.

1905 டிசம்பரில் வில்லியம் ஃபிளெட்சர் சோதித்தே பார்த்தார். கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படைக்குத் தீட்டிய சயாம் அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டுக்குள் வெள்ளை அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்நோயால் ஒரு சாவும் இல்லை. கட்டடத்தின் குற்றமோ என்று நடுவில் இரு தரப்பையும் இடம் மாற்றினார். அப்போதும் நோய் வெள்ளை அரிசியை விடவில்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சம்மதம் கேட்கப்படாமல் உயிரை விட்ட அந்த 18 பேருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

★ அடுத்தது கோழி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிரேசரும் ஸ்டான்டனும் தீட்டிய அரிசியையே போட்டு வளர்த்த கோழிகளுக்குக் கால் துவண்டது. தவிடு சேர்த்துப் போட்டால் அந்த நோய் வரவில்லை. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

★ மெலியாய்டோசிஸ் நோயை 1911-இல் ரங்கூனில் விட்மோருடன் சேர்ந்து கண்டறிந்தவர் கிருஷ்ணசுவாமி. 1913-இல் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக் கினிப் பன்றிகளும் முயல்களும் ஏதோ நோயில் செத்தன. அதுவும் இதுவும் ஒன்றே என்பது பிறகு தெரிந்தது. கிருமி ஈர மண்ணில் வாழ்வது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மழைக்காலச் சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

★ குளோரம்ஃபெனிகால் என்ற மருந்து டைஃபாய்டைக் குணப்படுத்தும் என்று தெரிந்ததும் 1948-இல் கோலாலம்பூரில்தான். புதர்க் காய்ச்சல் (scrub typhus) என்று நினைத்து அந்த மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு இருந்தது டைஃபாய்டு!

★ 1998-99-இல் நிப்பா வைரஸ் மலேசியாவில் 105 பேரைக் கொன்றது. முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பலியானவர்களில் பலர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை தெரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பிறகு தியோமான் தீவில் பழந்தின்னி வௌவாலின் சிறுநீரிலும், அது கடித்துப் போட்ட ஜம்புப் பழத்திலும் அதே வைரஸ் கிடைத்தது. உங்கள் வீட்டு மரத்தடியில் கடிபட்ட பழம் கிடந்தால் கழுவித் தின்னலாம் என்று எண்ணாதீர்கள். தூர எறியுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.