பாசன நீர் கைமாறும்போது கையெழுத்து யாருடையது?

இடுக்கி மாவட்டக் குமுளி மலைக்குப் பின்னால் தேங்கி, சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் முல்லைப் பெரியாற்று நீர் எதற்கானது என்ற வழக்குக்கு வயது அதிகம். 1886-இல் திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது பாசனத்துக்காக. பின்னாளில் சென்னை அரசு அதே நீரில் மின்சாரமும் எடுக்க விரும்பியபோது திருவிதாங்கூர் மறுத்தது. விவகாரம் நடுவரிடம் போனது. பாசனத்துக்கு மட்டுமே நீர், மின்சாரம் எடுக்க உரிமை இல்லை என்று 1941-இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி தீர்ப்பளித்தார். 1970-இல் தமிழகமும் கேரளமும் துணை ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே மின் உற்பத்தி முறைப்பட்டது. குத்தகைத் தொகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் வந்தது. இத்தனைக்கும் விசையாழியைச் சுழற்றிய நீர் ஒரு சொட்டுக் குறையாமல் லோயர்கேம்ப்பில் ஆற்றுக்கே திரும்புகிறது. பயிருக்கு எந்தக் குறையும் வைக்காத அந்த மாற்றத்துக்கே தீர்ப்பும் ஒப்பந்தமும் விலையும் தேவைப்பட்டன.

அடுத்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. லோயர்கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது; மதிப்பீடு ஏறத்தாழ 1,296 கோடி ரூபாய். லிட்டரைக் கனஅடியாக்கிப் பார்த்தால்தான் விவசாயிக்கு விஷயம் புரியும். அது விநாடிக்கு ஏறத்தாழ 51 கனஅடி, ஆண்டு முழுவதும் எடுத்தால் சுமார் 1.6 டி.எம்.சி. பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். முதல்போகத்துக்கு வழக்கமாகத் திறக்கப்படுவது 300 கனஅடி. அதில் 200 பாசனத்துக்கு, 100 குடிநீருக்கு. நீர் தாராளமாக வரும் ஐப்பசியில் 51 கனஅடி பெரிதல்ல. கோடையில் குடிநீருக்கென்று 100 கனஅடி மட்டும் வரும் நாளில் அது பாதி ஆறு. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் மதுரைக்குத் தண்ணீரே தரக்கூடாது என்று சொல்லவில்லை. வைகை அணையிலிருந்து எடுங்கள் என்றார்கள். ஆற்றில் ஓடி வைகை அணைக்குப் போகும் நீர் வழியெல்லாம் கிணறுகளை ஊறவைத்து, தடுப்பணைகளை நிரப்பி, தேனி மாவட்ட ஊர்களின் உறைகிணறுகளுக்கும் உயிர் கொடுத்துவிட்டுப் போகிறது. குழாயில் போகும் நீர் யாரையும் தொடுவதில்லை. அளவைவிட எடுக்கும் இடமே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆற்றில் விட்டால் நீர் வீணாகும், வழியோர ஊர்களின் கழிவு கலக்கும் என்பது குழாயை ஆதரிப்போரின் வாதம். கழிவு கலப்பது உண்மை. ஆனால் அந்த நீரைக் குடிப்பவர்கள் மதுரைக்காரர்கள் மட்டுமல்ல; கரையோர ஊர்களும் அதையே குடிக்கின்றன. சுத்திகரிக்க வேண்டியது கழிவை. ‘வீண்’ என்று கணக்கெழுதப்படும் கசிவோ, பள்ளத்தாக்கின் கிணறுகளில் வரவாக ஏறுகிறது. கலிபோர்னியாவில் இம்பீரியல் பள்ளத்தாக்கின் பாசன நீரில் ஆண்டுக்கு 2 லட்சம் ஏக்கர் அடி வரை சான் டியேகோ நகரப் பகுதிக்கு மாற்ற 2003-இல் உடன்பாடு ஆனது. நகரம் விலை கொடுக்கிறது. விவசாயிகள் சிக்கனம் செய்து நீரை மிச்சப்படுத்துகிறார்கள். அங்கும் வயல்களின் வடிநீரை நம்பியிருந்த சால்டன் ஏரி சுருங்கி, அதன் படுகைப் புழுதி சுற்றியுள்ள ஊர்களைப் படுத்துகிறது. விலை பேசியும் வடிநீரைச் சரியாக எண்ணாததால் வந்த வினை அது. விலையும் பேசாமல் கணக்கும் போடாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

குடிநீருக்கே முதலிடம் என்பதைத் தேசிய நீர்க் கொள்கை சொல்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலிடம் கொடுப்பது ஒன்று, அந்த முதலிடத்தின் முழுச் செலவையும் ஒரு பள்ளத்தாக்கின் தலையில் கட்டுவது வேறு. நீர் அரசின் சொத்து, விவசாயிக்கு உரிமைப் பத்திரம் ஏது என்றும் கேட்கிறார்கள். பத்திரம் இல்லைதான். ஆயக்கட்டுப் பதிவேட்டில் ஏக்கர் கணக்கோடு நிலத்தைச் சேர்த்து, பாசன நிலம் என்று தீர்வை வாங்கிய அரசு, அந்த நீரை வேறு வேலைக்குத் திருப்பும்போது மட்டும் எதிர்த்தரப்பே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. கேரளத்தோடு உட்கார்ந்து பேச முடிந்தபோது கம்பத்தோடு ஏன் பேச முடியாது?

தமிழக-கேரள எல்லையில் இன்னும் வடக்கேயும் இதே கதைதான். பாலக்காடு சென்னை மாநிலத்தோடு இருந்த 1955-இல் காமராஜர் திறந்துவைத்த மலம்புழா அணை நெல்லுக்காகக் கட்டப்பட்டது. பிறகு பாலக்காடு நகரத்தின் குடிநீர் அதில் சேர்ந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குக் குழாய் என்றபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை 2025 ஜனவரியில் முதற்கட்ட அனுமதி தந்ததும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியே முன்னால் வந்தது. நிலத்தடி நீருக்காகப் பிளாச்சிமடை ஊர் மக்கள் போராடியதும் அதே பாலக்காடு மாவட்டத்தில்தான். குடிநீர் என்று திறந்த வாசலில் தொழிற்சாலையும் நுழையும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

இனிச் செய்யக்கூடியது, பற்றாக்குறைக் கால விதியை எழுத்தில் வைப்பது. முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழகம் நீர் எடுக்க முடியாது. மட்டம் 110 அடியை நெருங்கும்போது குழாய் எவ்வளவு குறைய வேண்டும், ஆற்றில் குறைந்தது எத்தனை கனஅடி ஓட வேண்டும், அந்த நாட்களில் மதுரை வைகை அணையிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும், போகம் பொய்த்தால் ஏக்கருக்கு என்ன இழப்பீடு என்பவை பாசன சங்கங்களும் மதுரை மாநகராட்சியும் நீர்வளத் துறையும் கையெழுத்திட்ட ஒரே தாளில் இருக்க வேண்டும். அடுத்த முதல்போகத்துக்கு மதகு திறக்கும் முன்பே அது எழுதப்பட வேண்டும்.