திருத்தணிப் படிகளில் ஒரு கணக்கு

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஏறும் படிகள் 365. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பார்கள். டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழா. படிக்குப் படி பூஜை செய்து, திருப்புகழ் பாடியபடியே பக்தர்கள் மலையேறுவார்கள்.

ஒரு வேனில் 23 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். 1 முதல் 365 வரை எண் எழுதிய சீட்டுகள். ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட வேண்டும். வந்த எண்ணுள்ள படியில் சூடம் ஏற்ற வேண்டும். குறைந்தது இரண்டு பேராவது ஒரே படிக்கு வந்து சேர எவ்வளவு வாய்ப்பு?

இத்தனை படியில் வெறும் 23 பேர், எங்கே நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும். விடை 50.73 சதவீதம். பாதிக்கு மேல்! வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வருவதும் இதே கணக்குதான்.

இதற்குக் குறுக்குவழி உண்டு. 23 பேரில் 253 ஜோடிகள். ஒரு ஜோடி ஒரே படிக்கு வர 365-ல் 1 வாய்ப்பு. அரிதான நிகழ்ச்சிகளுக்கு பிரெஞ்சுக் கணித மேதை பாய்சானின் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதில் போட்டால் 50.00 சதவீதம். பிழை 0.73 புள்ளிதான்.

ஆனால், ஒரு ஜோடிக்கு நடப்பது இன்னொரு ஜோடியைப் பாதிக்காது என்று நம்பிப் போடும் கணக்கு இது. நிஜம் அப்படியில்லையே! அண்ணனும் தம்பியும் ஒரே படி, தம்பியும் மாமாவும் ஒரே படி என்றால், அண்ணனும் மாமாவும் தப்ப முடியாது. இங்கே சரியான விடை கையில் இருப்பதால் பிழை தெரிந்தது. விடையே தெரியாத இடத்தில்?

அமெரிக்காவின் சார்லஸ் ஸ்டெய்ன் 1972-ல் ஒரு வழி காட்டினார். அதை பாய்சான் சூத்திரத்துக்குப் பொருத்தி 1975-ல் எழுதியவர் அவரது மாணவர், சிங்கப்பூரின் லூயிஸ் சென். எல்லாச் சிக்கலையும் அவிழ்க்க வேண்டியதில்லை. ஒரு ஜோடி எத்தனை ஜோடிகளோடு பின்னிக்கிடக்கிறது என்று மட்டும் எண்ணினால் போதும். நம் வேனில் ஒவ்வொரு ஜோடியும் ஆள் பகிர்ந்துகொள்வது மற்ற 252-ல் 42 ஜோடிகளோடு மட்டுமே. 1989-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மூவர் எளிமையாக்கித் தந்த வடிவத்தில் இதைப் போட்டால், ‘பிழை 12 புள்ளியைத் தாண்டாது’ என்று உத்தரவாதம் கிடைக்கிறது.

நிஜப் பிழை முக்கால் புள்ளிகூட இல்லாதபோது 12 என்பது தொளதொள சட்டைதான். ஆனால் 36,500 படி, 225 பேர் என்று ஆக்கிப் பாருங்கள். உத்தரவாதம் 1.2 புள்ளியாக இறுகிவிடுகிறது.

இது டி.என்.ஏ. ஆய்வுக்கும் போனது. இரண்டு உயிர்களின் மிக நீளமான டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும்போது ஒரு துண்டு அப்படியே ஒத்துப்போகிறது. உறவா, தற்செயலா? தற்செயலுக்கான வாய்ப்பை பாய்சான் சூத்திரம் சொல்லும். அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதால், அண்ணன்-தம்பி-மாமா சிக்கல் அங்கேயும் உண்டு. அந்த விடை எத்தனை புள்ளி தவறலாம் என்பதற்குத்தான் சென்னின் கணக்கு.