நீரும் உடலும் (தொடர்): பலேர்மோ நீச்சல்காரர்களின் சளி

கழுத்தளவு நீரில் சும்மா நின்றாலே ஏறக்குறைய 700 மில்லி ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறிவிடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்டல் வேண்டியதில்லை. இந்த வாரம் மண்ணீரலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மண்ணீரல் காத்திருக்கட்டும். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோ நகரத்து ஆய்வு ஒன்று இந்த வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. நீச்சல் நுரையீரலுக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இதுவரை நான் பார்த்த வழிகளிலேயே நேர்மையான வழியை அந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நீந்தியவர்களைக் காறித் துப்பச் சொல்லி, அந்தச் சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள்.

பலேர்மோ பல்கலைக்கழகத்தையும் இத்தாலிய தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அவ்வூர்க் கிளையையும் சேர்ந்த மரியா போன்சிஞ்ஞோரே, ஜூசெப்பே மோரிச்சி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. நீச்சல் வீரர்களின் சுவாசப் பாதையைப் பற்றி அதற்கு முன் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் வட ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அங்கே ஆண்டின் பெரும்பகுதி கூரை போட்ட, குளோரின் கலந்த குளத்தில்தான் நீந்த முடியும். அதனால் ஒரு நீச்சல் வீரரின் மூச்சுக்குழாயில் கோளாறு தென்பட்டால், நீந்தியதால் வந்ததா, மூடிய கூடத்தின் காற்றால் வந்ததா என்று பிரிக்க வழி கிடையாது. பலேர்மோவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. திறந்தவெளிக் குளத்தில் நீந்தலாம். நகரத்தின் வட விளிம்பில் மொன்தெல்லோ கடற்கரை இருக்கிறது. ஒரு காலத்தில் மலேரியா மண்டிய சதுப்பு நிலமாக இருந்து, வடிக்கப்பட்டு, 1913-இல் கடலுக்குள் தூண்கள் ஊன்றிக் கட்டிய குளியல் மாளிகையோடு இன்றும் நிற்கும் இடம் அது. ஆக, ஆஸ்துமா இல்லாத அதே நீச்சல்காரர்களை ஒருமுறை திறந்தவெளிக் குளத்தில் 5 கிலோமீட்டரும், இன்னொரு முறை கடலில் 5 கிலோமீட்டரும் நீந்தவிட்டு ஒப்பிட முடிந்தது. மூடிய கூடத்தின் காற்று என்ற குழப்பம் கணக்கிலிருந்தே விலகிவிட்டது.

சளியை எப்படி எடுக்கிறார்கள் என்பதை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், இந்த வாரத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு நினைத்தபோது சளி வராது. அதனால் உப்புக்கரைசலை நெபுலைசரில் புகையாக்கி மூச்சில் இழுக்கச் சொல்கிறார்கள். அந்த உப்பு மூச்சுக்குழாயின் சுவரிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது, சளி இளகுகிறது, இருமல் வருகிறது, ஒரு கிண்ணத்தில் துப்புகிறார்கள். எச்சிலை ஒதுக்கிவிட்டு, கெட்டிச் சளியை மட்டும் பொறுக்கி, ஒரு ரசாயனத்தால் அதன் பிசுபிசுப்பைக் கரைத்து, சுழற்றி, கண்ணாடிச் சில்லில் பரப்பிச் சாயமிட்டு, அணுக்களை ஒவ்வொன்றாக வகை பிரித்து எண்ணுகிறார்கள். அந்த உப்புக்கரைசலின் செறிவு சாதாரணமாக 3 முதல் 5 சதவீதம். இப்போது கடலுக்கு வருவோம். பலேர்மோவைத் தொடும் கடலில் லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் உப்பு, அதாவது சுமார் 3.8 சதவீதம். ஆய்வகம் நெபுலைசரில் கொடுக்கும் அதே அளவு! கடலில் கைவீசி நீந்துகிறவர் அலைத் தெறிப்பிலிருந்து எழும் நுண்துளிகளை மணிக்கணக்கில் சுவாசிக்கிறார். ஆய்வகத்தில் சில நிமிடம் செய்வதைக் கடல் அவருக்குத் தன்போக்கில் செய்துகொண்டிருக்கிறது. குளத்துநீரோ நேர் எதிர். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் உடல் திரவங்களுக்கு ஒத்த செறிவு அதுதான். நன்னீர்க் குளத்தில் அதில் சிறு பங்குகூட இல்லை. ஆகவே குளத்தின் நுண்துளி மூச்சுக்குழாய்ச் சுவரின் அணுக்களுக்குள் நீரைப் புகுத்துகிறது, கடலின் நுண்துளி அவற்றிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. நீந்துகிறவர் ஒருவரே, தூரமும் ஒன்றே. அவருடைய மூச்சுக்குழாய் சந்திக்கும் சூழல்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன.

இந்த உப்பு விஷயம் ஆஸ்திரேலியாவில் மருத்துவமாகவே ஆகியிருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரல் சளி பசைபோல் இறுகி, வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கிருமிக்கு இடம் கொடுக்கும். அந்த நோயாளிகளில் கடலில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்குச் சளி எளிதாக வெளியேறுவதை சிட்னி மருத்துவர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து கிளம்பிய யோசனை, 164 நோயாளிகளுக்கு 48 வாரம் நடந்த சோதனையாக முடிந்து, 2006 ஜனவரியில் வெளியானது. 7 சதவீத உப்புக்கரைசலை நாளுக்கு இருமுறை சுவாசித்தவர்களுக்கு நோய் முற்றித் தொல்லைப்படுத்தும் தருணங்கள் தெளிவாகக் குறைந்தன. நுரையீரல் திறன் காலப்போக்கில் மாறும் வேகத்தில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. இன்று பல நாடுகளில் அது வழக்கமான சிகிச்சை. விலை மலிவான உப்பு, கடற்கரையில் கண்ணைத் திறந்து வைத்திருந்த மருத்துவர்கள், அதிலிருந்து ஒரு சிகிச்சை. இதைப் படித்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்படியானால் கடலில் குளித்தால் ஆஸ்துமா தீரும் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. அதே சிட்னியில் வளர்ந்த இன்னொரு பரிசோதனையில் 4.5 சதவீத உப்புப் புகையை ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே பயன்படுத்துகிறார்கள். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் அந்தப் புகைக்குச் சுருங்கிக்கொள்ளும். சளி இறுகியவருக்கு உதவும் உப்பு, குழாய் எரிச்சல் உள்ளவருக்கு இழுப்பைக் கொண்டுவரும். எனவே 'நீச்சல் நல்லது', 'நீச்சல் கெட்டது' என்ற இரண்டு வாக்கியங்களுமே அரைகுறை. எந்த நீரில், எந்தக் காற்றில், எவ்வளவு நேரம், யாருடைய நுரையீரல் என்ற நான்கையும் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது. இந்த வாரம் நான் நிறுவ நினைப்பது இதைத்தான்.

பலேர்மோ முடிவுகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. நீச்சல்காரர்கள் ஊதிக் காட்டிய நுரையீரல் அளவீடுகள் இயல்பாகவே இருந்தன. ஆனால் சளியில் உள்ள அணுக்களின் கலவை, உடற்பயிற்சி இல்லாதவர்களிடமிருந்து விலகியிருந்தது. உப்பில்லாத நுண்துளியும் உப்பு மிகுந்த நுண்துளியும் ஆரோக்கியமானவரின் மூச்சுக்குழாய் அணுக்களைத் தொடக்கூடும் என்று குழுவினர் அளந்த சொற்களில் முடித்தார்கள். அணு மாறினால் நோய்தானே என்று கேட்கத் தோன்றும். நம் ஊரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இயோசினோபில் கொஞ்சம் கூடினாலே 'இஸ்னோபீலியா' என்று வீடே கலங்குகிறது. இதற்கான பதிலை அதே குழு 2001-இல் பலேர்மோவின் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் தேடி வைத்திருந்தது. அவர்களுடைய சளியில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ஓடாத நாளிலேயே அதிகம், ஓடி முடித்த பின் இன்னும் அதிகம். சாதாரணமாக நியூட்ரோபில் குவிந்தால் அங்கே தொற்றோ அழற்சியோ இருக்கிறது என்று பொருள். ஆனால் ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அந்த அணுக்களின் மேற்பரப்பில், திசுவைப் பற்றிக்கொண்டு தாக்குவதற்கான மூலக்கூறுகள் எவ்வளவு இருக்கின்றன என்றும் அளந்தார்கள். அவை குறைந்தே இருந்தன. காவலர் கூட்டம் திரண்டிருக்கிறது, ஆனால் தடியை ஓங்கவில்லை. உடல் அழைத்திருக்கிறது, போருக்கு அனுப்பவில்லை. நியூட்ரோபில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நோய் என்று தீர்ப்பெழுதுவது எவ்வளவு அவசரமானது என்பதை இந்த ஓர் அளவீடு காட்டிவிடுகிறது.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. உயர்மட்டப் போட்டிகளில் நீந்துகிறவர்களிடையே ஆஸ்துமா மற்ற பல விளையாட்டுக்காரர்களைவிட அதிகம். இது உண்மை, மறைக்கக் கூடாது. இதன் ஒரு பகுதியைத் தேர்வு விளக்குகிறது: ஆஸ்துமா உள்ள குழந்தைகளை மருத்துவர்களே நீச்சலுக்கு அனுப்புகிறார்கள், நீருக்குச் சற்று மேலே உள்ள காற்று ஈரமானது, மூச்சுக்குழாயை வறளவிடாது என்பதால். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஏமி வான் டைக்கன் அப்படி ஆஸ்துமாவுக்காக நீச்சலில் சேர்க்கப்பட்டவர்தான். ஆனால் தேர்வு மட்டுமே காரணமாக இருந்தால், நீந்துவதை நிறுத்தினாலும் ஆஸ்துமா அப்படியே இருக்கவேண்டும். பின்லாந்தின் இல்கா ஹெலேனியஸ் குழு தேர்ந்த நீச்சல் வீரர்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கடும் பயிற்சியை விட்டவர்களின் மூச்சுக்குழாய் எரிச்சல் தணிந்தது. தொடர்ந்தவர்களுக்கு அழற்சி கூடியது. ஆக, பயிற்சிச் சூழலுக்கும் பங்கு உண்டு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் அளவில் மூச்சு விடும் உடல், கடும் பயிற்சியில் நூறு லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றில் இருப்பது எல்லாம் அத்தனை மடங்காக உள்ளே போகிறது.

அந்தக் காற்றில் இருப்பது என்ன? மூடிய குளக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடியைக் குளோரின் என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அது குளோரினோடு நீந்துகிறவர்களின் வியர்வையும் சிறுநீரும் கலந்து உண்டாகும் குளோரமின்கள். அவற்றில் டிரைகுளோரமின் நீரில் தங்காமல் ஆவியாகி, நீர்மட்டத்துக்கு மேலே, நீந்துகிறவரின் வாய் திறக்கும் உயரத்தில் மிதக்கும். திறந்தவெளியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். கூரையின் கீழ் போக இடமில்லை. பெல்ஜியத்தின் ஆல்ஃபிரட் பெர்னார் 2003-இல், மூடிய குளங்களுக்கு அடிக்கடி போகும் பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தில் நுரையீரல் புரதங்கள் கசிந்திருப்பதைக் கண்டு எச்சரித்தார். ஐரோப்பிய பெற்றோர் பலர் அரண்டு போனார்கள். அந்த அச்சத்துக்கு 2011-இல் லாயா ஃபோன்ட்-ரிபேரா குழுவினர் பதில் கொடுத்தார்கள்: பிரிட்டனில் பிறப்பிலிருந்து பின்தொடரப்பட்ட 5,738 குழந்தைகளில் அதிகம் நீந்தியவர்களுக்கு ஆஸ்துமா கூடவில்லை, நுரையீரல் திறன் சற்று மேம்பட்டே இருந்தது. இரண்டு ஆய்வுகளும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. வாரம் ஓரிரு முறை நீந்தும் குழந்தை வேறு, விடியலிலும் மாலையிலும் மணிக்கணக்கில் அந்தக் காற்றை நூறு லிட்டர் வேகத்தில் இழுக்கும் போட்டி வீரர் வேறு.

பலேர்மோ ஆய்வில் நீந்தியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை, அதை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பது நியாயம். அந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்து நான் பேசியிருந்தால் கட்டுரையே நிற்காது. அந்த ஆய்வின் மதிப்பு அளவில் இல்லை, பிரித்துப் பார்த்த விதத்தில் இருக்கிறது. தங்கள் வாதத்துக்குப் பாதகமானதையும் அந்தக் குழு தேடியது என்பதும் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2007-இல் சுண்டெலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு, அவற்றின் நுண்ணிய மூச்சுக்குழாய்களின் உட்சுவர் சேதமடைவதையும் மறுபடி வளர்வதையும் காட்டினார்கள். 2010-இல் அரை மாரத்தான் ஓடிய மனிதர்களிடமும் உட்சுவர் சேதத்தின் அடையாளங்களைக் கண்டார்கள். கடும் பயிற்சி மூச்சுக்குழாயை உரசத்தான் செய்கிறது, உடல் பழுதுபார்க்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடியான சங்கதி இருக்கிறது. சென்னை மெரினாவின் மாநகராட்சி நீச்சல் குளம் திறந்தவெளியில் இருக்கிறது. கிராமத்தில் கிணறும் வாய்க்காலும் குளமும். டிரைகுளோரமின் தேங்க இடமே இல்லாத ஏற்பாடு இது, அதற்காக நாம் யாரும் பாடுபடவில்லை. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் அடித்தளத்திலோ கூரைக்குள்ளோ குளம் கட்டும் மோகம் பரவுகிறது. அங்கே குழந்தையைச் சேர்க்கும் பெற்றோர் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். கதவைத் திறந்ததும் கண் எரிகிறதா, காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா, குளிக்காமல் யாரையும் குளத்தில் இறங்க விடுகிறார்களா என்று கேட்கவேண்டும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கினால் டிரைகுளோரமின் உண்டாகும் மூலப்பொருளில் கணிசமான பங்கு குளியலறையிலேயே போய்விடும். காசில்லாத வழி.

கடலில் நீந்தும் மரபும் தமிழர்களுக்குக் குறைவில்லை. 1954-இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஏறக்குறைய 27 மணி நேரம். அவர் அத்தனை மணி நேரமும் சுவாசித்த உப்புத் துளிகளைப் பற்றி இப்போது நினைக்கும்போது, பலேர்மோக்காரர்கள் வைத்திருந்த சளிக் கிண்ணமும் நுண்ணோக்கியும் கோடியக்கரை மணலில் காத்திருந்திருக்கக் கூடாதா என்று ஆசை வருகிறது. பாக்கு நீரிணையைக் கடக்க இன்றும் சிறுவர் சிறுமியர் முன்வருகிறார்கள். கரையேறியதும் அவர்களைப் படம் பிடிக்கப் பலர் இருக்கிறார்கள். நெபுலைசரோடு ஒரு மருத்துவக் குழுவும் அங்கே இருந்தால், ஐந்து கிலோமீட்டரில் பார்த்ததை முப்பது கிலோமீட்டரில் பார்க்கலாம்.

மண்ணீரல் அடுத்த வாரம். அதற்காக பலேர்மோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி உஸ்திகா தீவுக்குப் போகவேண்டும். முக்குளிப்போருக்கு 1960 முதல் தங்கத் திரிசூலம் பரிசளிக்கும் தீவு அது. மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போகிறவர்களின் மண்ணீரல் ஏன் சுருங்குகிறது என்பதோடு, கடலோடிகளான பஜாவ் மக்களின் மண்ணீரல் ஏன் பெரிதாக இருக்கிறது என்பதையும் அங்கிருந்தே பார்ப்போம்.